ஸபா வாசிகள் கேட்ட தூரம்

திருமறையின் 34-ஆம் அத்தியாயமான ஸபா சூராவை ஓதுகிறவர்களுக்கு, அந்நாட்டாரின் இருபுறத் தோட்டங்களும் அவற்றை அழித்துச் சென்ற அணை வெள்ளமும் நன்றாக நினைவிருக்கும். பயான்களிலும் அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். அதற்குப் பின்னால் வருகின்ற 18, 19 ஆகிய இரு வசனங்களை மட்டும் விரைவாக ஓதிக் கடந்துவிடுகிறோம். பிரயாணம் செய்கிற எவரும் சற்று நின்று சிந்திக்க வேண்டிய வசனங்கள் அவை.

அவற்றின் கருத்து இதுதான். யமனில் வாழ்ந்த ஸபா மக்களுக்கும், அல்லாஹுத்தஆலா பரக்கத் செய்த நாட்டிற்கும் இடையில், வழிநெடுகக் கண்ணுக்குத் தெரியும்படியான ஊர்களை அவன் அமைத்து வைத்திருந்தான். பரக்கத் செய்யப்பட்ட அந்த நாடு ஷாம் தேசம் என்பது முஃபஸ்ஸிர்களின் கூற்று. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள தூரத்தையும் அவனே அளந்து வைத்து, இரவிலும் பகலிலும் அச்சமின்றிப் போய் வாருங்கள் என்று அனுமதி அளித்திருந்தான். நண்பகல் ஓய்வு ஓர் ஊரில், இரவுத் தங்கல் மற்றோர் ஊரில். கட்டுச்சோறோ தண்ணீரோ சுமந்து செல்லும் அவசியம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். இத்தகைய நிஃமத்தில் இருந்தவர்கள் இறைவனிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? எங்கள் பிரயாணங்களின் தூரத்தை நீட்டிக் கொடு என்று கேட்டார்கள்! அருகிலிருந்த ஊர்கள் அவர்களுக்கு அற்பமாகத் தோன்றின. எளிதாகக் கிடைத்ததில் பெருமை இல்லையென்று எண்ணினார்கள். முடிவில் அவர்கள் சிதறடிக்கப்பட்டு, பிறர் பேசும் கதையாகவே ஆகிப்போனார்கள்.

சகோதர சகோதரிகளே! பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போது நம்முடைய வீடுகளில் நடக்கும் பேச்சைச் சற்று ஒட்டுக் கேட்போம். அடுத்த தெருக்காரர்கள் சென்ற ஆண்டு ஊட்டிக்குப் போனார்கள். மச்சான் வீட்டார் கொடைக்கானலில் மூன்று நாள் தங்கினார்கள். இன்னொரு சம்பந்தி வீட்டார் மலேசியாவே போய் வந்துவிட்டார்கள். நாம் மட்டும் எங்கே போனோம்? கேள்வி இப்படித்தான் ஆரம்பமாகிறது. பார்க்க வேண்டும் என்ற ஆசையைவிட, பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையே அதில் மிகுந்து நிற்கிறது.

அந்த மலைகளும் வல்ல நாயனின் படைப்புகளே. அவற்றைப் பார்ப்பது குற்றமென்று நாம் கூற வரவில்லை. ஆனால் அங்கே இப்பொழுது உள்ள நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் தாங்க மாட்டாமல், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை என்று ஆயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 8,000 வாகனங்கள் என்று எல்லையும் கட்டினார்கள். எல்லை கட்டிய பிறகே இத்தனை என்றால், கட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்! மலைப்பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது அஸருடைய நேரம் வந்து போய்விடுகிறது. ஆண்களாவது எங்கேனும் ஒரு பள்ளிவாசலைத் தேடி இறங்கி ஓடுகிறார்கள். பெண்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒளுச் செய்ய இடமில்லை, முஸல்லா விரிக்க இடமில்லை, கூச்சத்தினால் யாரிடமும் கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் ஒரு வக்தையும் களாச் செய்யாத உம்மா, இன்பச் சுற்றுலா என்று போய் ஒரே நாளில் மூன்று வக்தைக் களாவாக்கிக்கொண்டு திரும்புகிறார். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எடுத்த படங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அடுத்தது பணம். ஓரளவு சம்பாதிக்கிற ஒருவர், மனைவி, இரு பிள்ளைகள், வயதான உம்மா என்று ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சீசன் நாட்களில் அறை வாடகை ஏறியிருக்கும். வாடகை வண்டிக்காரர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் தனி. நான்கு நாளில் இரண்டு மாதச் சம்பளம் கரைந்துவிடும். கையில் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை, இப்போது போய் வாருங்கள், பிறகு தவணையாகக் கட்டுங்கள் என்று கடன் கொடுக்கக் காத்திருக்கிறார்கள். அந்தத் தவணைக்குள் வட்டி ஒளிந்திருக்கிறது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சியாக நிற்பவர்கள் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று ஹளரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நோய்க்கும் பசிக்கும் வட்டிக்கு வாங்கியவனுக்குக்கூட மார்க்கத்தில் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்போது, குளிர்ந்த காற்று வாங்குவதற்காக வட்டிக் கடன் எடுத்தவன் என்ன காரணத்தைச் சொல்வான்?

திருமறையின் 17-ஆம் அத்தியாயத்தில் ஓர் அமைப்பைக் கவனியுங்கள். உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோருக்குரிய ஹக்கைக் கொடுங்கள் என்று கட்டளையிட்ட அதே 26-ஆம் வசனத்தில்தான், வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையும் வருகிறது. விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று அடுத்த வசனம் எச்சரிக்கிறது. வழிப்போக்கனுக்குக் கொடுப்பதும், வழிப்போக்கிலே வீணடிப்பதும் ஒரே மூச்சில் பேசப்பட்டிருப்பது நம்மைப் போன்றவர்களுக்காகவே என்று தோன்றுகிறது.

அப்படியானால் வீட்டை விட்டு நகராமல் இருந்துவிடுவதே பேணுதல் என்று சில பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். பிரயாணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது உங்கள் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை எடுத்துச் சொல்கிறார்கள். ஸஹீஹான ஹதீஸ்தான். ஆனால் அதன் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பதே அது. போகாதீர்கள் என்று அதில் இல்லை. மூன்று பள்ளிகளுக்கே தவிர வாகனம் கட்டக்கூடாது என்ற ஹதீஸையும் காட்டுவார்கள். மக்கத்து ஹரம், மதீனத்துப் பள்ளி, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்றுக்கும் உள்ள தனிச்சிறப்பை நாடி, வேறெந்தப் பள்ளிக்கும் பிரயாணம் கட்ட வேண்டாம் என்பதே அதற்கு உலமாப் பெருமக்கள் பலர் தரும் பொருள். வியாபாரம், கல்வி, உறவு, ஓய்வு ஆகியவற்றுக்காகப் போவதை அந்த ஹதீஸ் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஹளரத் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக, ஒரு மாதத் தூரம் பிரயாணம் செய்து ஹளரத் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களைத் தேடிச் சென்றிருப்பார்களா?

பூமியில் பிரயாணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் கூறுகிறது. 22-ஆம் அத்தியாயத்தின் 46-ஆம் வசனத்தில், விளங்கிக்கொள்ளும் உள்ளங்களும் கேட்கும் செவிகளும் உண்டாவதற்காக அவர்கள் பிரயாணம் செய்யவில்லையா என்று கேட்கப்படுகிறது. கண் பார்ப்பதோடு நின்றுவிடாமல் உள்ளம் விளங்க வேண்டும் என்பது இங்கே கேட்கப்படுகிற விஷயம்.

இவ்விடத்தில் நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ள ஒரு நுட்பத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். கஸ்ருத் தொழுவதற்குரிய பிரயாணம் சரியான நோக்கமுடையதாக இருக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை இடுகிறார்கள். ஊர்களைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக மட்டுமே ஊர் ஊராகச் சுற்றுவது சரியான நோக்கங்களில் சேராது என்று இமாம் அபூமுஹம்மது ஜுவைனீ (ரஹ்) அவர்கள் கூறியதை, இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தங்களுடைய ‘ரவ்ளா’வில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். என்ன நுட்பமான பார்வை! வியாபாரத்திற்குப் போனால் கஸ்ரு உண்டு. உறவினரைப் பார்க்கப் போனால் உண்டு. கல்விக்குப் போனால் உண்டு. எதற்கென்றே தெரியாமல், பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காக அலைந்தால், இமாமவர்கள் சலுகையை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். சட்டத்தின் கிளை விவரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொள்வது இதன் உயிரைத்தான். எங்கே போகிறோம் என்பதற்கு முன்னால், எதற்காகப் போகிறோம் என்று வீட்டாரை உட்காரவைத்துப் பேசி, நிய்யத்துச் செய்துகொண்டு புறப்பட வேண்டும்.

வேற்றூரில் இருந்த தன் சகோதரனைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு மனிதரின் வரலாறும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவருடைய வழியில் அல்லாஹ் ஒரு மலக்கை நிறுத்தினான். அந்த ஊரில் உமக்கு வரவேண்டியது ஏதும் உண்டா என்று மலக்கு கேட்க, இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்று இவர் பதிலளித்தார். நீர் அவரை நேசிப்பது போலவே அல்லாஹ் உம்மை நேசிக்கிறான் என்ற செய்தியுடன்தான் மலக்கு வந்திருந்தார். அவர் போன இடம் ஒரு சாதாரணக் கிராமம். ஹதீஸில் அதற்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். வழிநெடுக ஊர்களை அமைத்தோம் என்று ஸபா மக்களுக்குச் சொன்னது போலவே, பழவேற்காடு முதல் குமரி வரை நம் கடற்கரை நெடுகிலும் ஊர்கள் அமைந்திருக்கின்றன. பஸ்ஸும் ரயிலும் போகின்றன, அச்சமில்லை, நம்முடைய கலிமாவைச் சொல்கிற மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இருந்தும் அடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர். மஹ்மூது பந்தர் என்பது இதன் பழைய பெயர்களில் ஒன்று. ஐரோப்பியர்கள் போர்ட்டோ நோவோ என்று அழைத்தார்கள். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய களம் இதனருகில்தான் இருக்கிறது. 1830-களில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று இங்கே இயங்கியதென்றால் இன்று நம்பச் சிரமமாக இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையமும் இங்கேதான் உள்ளது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு பக்கத்தில். சிதம்பரம் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரலாம். மாலையில் ஆற்றுமுகத்தில் உட்கார்ந்து படகுகள் திரும்புவதைப் பார்க்க யாரும் சீட்டுக் கொடுப்பதில்லை, யாரும் முண்டியடிப்பதில்லை. பாங்கு சொன்னால் எழுந்துபோய் ஜமாஅத்தில் நிற்க நேரமிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட இன்னொரு காரணத்துக்காக இந்த ஊரை நாம் குறிப்பிடுகிறோம். நம் உம்மாமார்களும் பாட்டிமார்களும் ராகமிட்டு ஓதக் கேட்ட சீறாப்புராணம் உருவான தடத்தில் இது ஒரு நிலையமாகும். உமறுப் புலவர் எட்டயபுரத்துச் சமஸ்தானப் புலவர். அவரைச் சீறா பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதியின் ஊர் கீழக்கரை. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை அரபு நூல்களிலிருந்து எடுத்துச் சொல்லும்படி, காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் மாமேதை ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களைப் புலவர் நாடினார் என்றும், அவர்கள் வழியாகப் பரங்கிப்பேட்டையிலிருந்த ஒரு லெப்பை ஆலிமிடம் உரை கேட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நூல் முடியுமுன் சீதக்காதி மறைந்துவிட, புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அந்த நன்றியை உமறுப் புலவர் நூலுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள், நான்கு சிற்றூர்கள்! எட்டயபுரத்தில் புலவரின் அடக்கத்தலத்தையும், கீழக்கரையில் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளியையும், பரங்கிப்பேட்டையின் ஆற்றுமுகத்தையும் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால், பாடப் புத்தகத்தில் இரண்டு பாட்டோடு முடிந்துபோகும் சீறா அவனுக்கு வேறு விதமாகப் படும். கீழக்கரைப் பள்ளியின் தூண்களில் பூவும் கொடியும்தான் செதுக்கியிருக்கிறார்கள். உருவம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சிற்பக் கலையை அப்படியே வாங்கிக்கொண்டு, தௌஹீதுக்கு ஒவ்வாததை மட்டும் விட்டுவிட்ட அந்தப் பெரியவர்களின் தெளிவைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும்.

கீழக்கரைக்கு ராமநாதபுரத்திலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. ராமேஸ்வரம் செல்லும் பெருங்கூட்டம் இந்த ஊரைத் தொடாமல் நேராகப் போய்விடுவது நமக்கு நல்லதாகப் போயிற்று. காயல்பட்டினத்தில், பெண்கள் தெருவுக்கு வராமலே வீடு விட்டு வீடு போய்வருவதற்கென்று அமைந்த முடுக்குகளும், பெண்களுக்கென்றே உள்ள தைக்காக்களும் இருக்கின்றன. பிரயாணத்தில் தொழ இடமின்றித் தவிக்கிற நம் சகோதரிகள் அங்கே போனால் அதன் அருமையை உணர்வார்கள். ரஜபு மாதத்தில் போகிறவர்களுக்கு புகாரி ஷரீபு ஓதும் மஜ்லிஸிலும் உட்காரும் பாக்கியம் கிட்டலாம்.

சென்னைக்காரர்களுக்கு இவ்வளவு தூரமும் வேண்டாம். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காடு வந்துவிடும். ஏரியும் கடலும் கூடும் இடம். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்த ஊர். இன்று கோட்டை மண்மேடாகிவிட்டது. எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. எதையெல்லாம் நிலையானதென்று எண்ணிக் கட்டினார்களோ அது போய், அவர்களுடைய கப்ருகள் தங்கிவிட்டன. பூமியில் பிரயாணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பாருங்கள் என்ற வசனத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு விளக்கம் கிடைக்குமா? அந்த ஊரின் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னி விற்கிறார்கள். நீங்கள் வாங்கும் ஒரு பெட்டி, மலைநகரத்து ஓட்டல்காரருக்குக் கொடுக்கும் வாடகையைவிட எத்தனையோ பங்கு சிறிய தொகை. ஆனால் அது நேராக ஒரு வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சித்திரை வைகாசியில் இந்தக் கடற்கரை ஊர்கள் கொதிக்கும். ஐப்பசி கார்த்திகையில் புயலும் மழையும். ஆகையால் அரையாண்டு விடுமுறையின் கடைசி நாட்களும் பொங்கல் விடுமுறையுமே இவற்றுக்கு ஏற்ற காலம். பழவேற்காட்டில் பூநாரைகள் வந்து நிற்பதும் அப்போதுதான். இரண்டு இரவுக்கு மேல் தங்க வேண்டிய தேவையும் இருக்காது. சிற்றூர்களில் குடும்பத்தோடு தங்க விடுதிகள் குறைவு. ஆகவே சிதம்பரத்திலோ ராமநாதபுரத்திலோ ஓர் எளிய விடுதியில் அறை எடுத்துக்கொண்டு பகலில் போய்வருவது வசதி. பள்ளிவாசலில் முஸாபிர்களுக்கென்று இருக்கும் அறை வசதியற்ற வழிப்போக்கருக்கு உரியது. செலவு செய்யக்கூடியவர்கள் சிக்கனம் என்ற பெயரில் அதில் பங்கு கேட்கக்கூடாது.

தொழுகையைப் பற்றிச் சில வார்த்தைகள். தங்கள் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடத்தை நாடி, ஊர் எல்லையைக் கடந்துவிட்டவருக்கே நான்கு ரகஅத்து பர்ளுகளை இரண்டாகச் சுருக்கும் கஸ்ரு உண்டு. சென்னையிலிருந்து பழவேற்காடு போகிறவர் முழுமையாகவே தொழ வேண்டும். பரங்கிப்பேட்டை போகிறவர் கஸ்ருச் செய்யலாம். ஹனஃபிகளுக்கு அது வாஜிபு, ஷாஃபிஈகளுக்குச் சலுகை. லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகளுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அது கிடையாது. ஆனால் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதுகொண்டால், ஒரே இறக்கத்தில் இரண்டும் நிறைவேறிவிடும். இன்று கணவர் ஷாஃபிஈ, மனைவி ஹனஃபி என்று எத்தனையோ குடும்பங்கள் உள்ளன. புறப்படுமுன்பே பேசிவைத்துக்கொண்டால் வழியில் வாக்குவாதம் வராது. தங்குவதிலும் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத்து வைத்தால் ஷாஃபிஈயும், 15 நாள் நிய்யத்து வைத்தால் ஹனஃபியும் முழுமையாகத் தொழ வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது எல்லோருக்கும் நான்கு ரகஅத்துத்தான். வியாழக்கிழமையில் புறப்படுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்று புகாரியில் வருகிறது. வெள்ளிக்கிழமைக் காலையில் கிளம்பி ஜும்ஆவைத் தவறவிடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவும்.

வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது மைலில் கடல் இருந்தும் அதைப் பார்க்காமலே வயதாகிவிட்ட உம்மாமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்கள் வியாபாரத்துக்கும் ஜமாஅத்து வேலைக்கும் ஊர் ஊராகப் போகிறார்கள். பெண்களுக்கோ கல்யாண வீடு, மய்யித்து வீடு, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றே பிரயாணங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். அத்தகைய ஒரு பிரயாணத்தில்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். உடன் வந்த மக்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பிறகே ஓடினார்கள் என்று அறிவிப்பில் வருகிறது. அன்னையார் முந்திவிட்டார்கள். பல காலத்திற்குப் பின் அன்னையாரின் உடல் பருத்திருந்த சமயம் மறுபடி ஓடியபோது நாயகம் அவர்கள் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடாகிவிட்டது என்று சிரித்தார்கள்.

கூட்டத்தை அகற்றிவிட்டுத்தான் அந்த விளையாட்டு நடந்தது! மனைவியோடும் பிள்ளைகளோடும் மனம் திறந்து சிரிப்பதற்கு மக்கள் நெரியும் இடம் தோதுப்படாது. பெண்களின் பர்தாவுக்கும் நிம்மதிக்கும் அது இடம் தராது. ஆளரவம் குறைந்த ஒரு கடற்கரையில், கணவர் அருகிருக்க, அரை நாள் உட்கார்ந்து வருவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதற்கு இரண்டு மாதச் சம்பளம் தேவையே இல்லை. முதுகு வலிக்கும் வயதான உம்மாவுக்கு மட்டும் ரயிலில் கீழ்ப்படுக்கைக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் சிக்கனம் செய்துகொள்ளலாம். போகிற இடத்தில் சமைக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, ஓய்வுக்கு அழைத்து வந்தோம் என்று சொல்லாதீர்கள்.

சிற்றூர் என்பதால் அங்கே நாம் நினைத்தபடி நடந்துகொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். அது நாலு பேர் வாழும் வீடு போன்றது. தெருவில் நிற்கும் பெண்களையும் பிள்ளைகளையும் படமெடுப்பது, முடுக்குகளுக்குள் ஆண்கள் நுழைவது, ஏரிக்கரையில் சாப்பிட்ட இலையையும் பாட்டிலையும் வீசிவிட்டு வருவது, இவையெல்லாம் விருந்தாளி வேடத்தில் செய்யும் அநியாயங்கள். உறவினர் வீடு அந்த ஊரில் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேராய்ப் போய் நிற்காதீர்கள். விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் ஸதகா, வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு விருந்தாளி தங்குவது கூடாது என்பது நாயக வாக்கின் கருத்து. மாமி வீட்டில் தங்கினால் விடுதி வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள், மாமியின் மாதக் கணக்கையும் சற்று எண்ண வேண்டும். அரிசியோ பழமோ மீனோ கையில் வாங்கிக்கொண்டு போவதுதான் நம் பெரியவர்களின் வழக்கமாக இருந்தது.

மூவர் பிரயாணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுங்கள் என்பது அபூதாவூதில் உள்ள உத்தரவு. குடும்பப் பிரயாணத்திலும் இதைச் செய்யலாம். ஒரு தடவை பதினைந்து வயதுப் பிள்ளையை அமீராக்கிப் பாருங்கள். செலவுக் கணக்கை அவன் எழுதட்டும். பஸ் நேரத்தை அவன் விசாரிக்கட்டும். வக்து வந்ததும் அவனே எல்லோரையும் இறக்கித் தொழவைக்கட்டும். வாகனத்தில் ஏறியதும் ஓதும் துஆ 43-ஆம் அத்தியாயத்தின் 13, 14 வசனங்களில் இருக்கிறது. அதையும் அவனே சப்தமாக ஓதட்டும். முஸாபிரின் துஆ தட்டப்படாதவற்றில் ஒன்று என்று ஹதீஸில் வந்துள்ளது. கடன் தீர, பிள்ளைக்கு வேலை கிடைக்க, மகளுக்கு நல்ல இடம் அமைய என்று வீட்டில் கேட்டுவந்த துஆக்களை ரயிலின் ஜன்னலோரத்திலும் கேட்டுக்கொண்டு போகலாம்.

ஊர் திரும்பியதும் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரகஅத்துத் தொழுவார்கள். பிறகே வீட்டுக்குப் போவார்கள். தகவல் சொல்லாமல் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவதையும் தடுத்தார்கள். பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி வாங்கும்போது இரண்டு சேர்த்து வாங்கி வாருங்கள். ஒன்று, எங்குமே போக வழியில்லாத அடுத்த வீட்டாருக்கு. மற்றொன்று, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் வாசலைப் பெருக்கிவைத்த பெண்மணிக்கு.